ஒற்றை விடால் ரிப்போர்ட்டை நம்பி

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மழைக்காலம் வந்துவிட்டால், காய்ச்சலோடு வருகிறவர்களின் சீட்டில் தவறாமல் எழுதப்பட்டிருப்பது டைபாய்டைக் கண்டறியச் செய்யும் விடால் சோதனை. சென்ற வாரம் ஒரு தாய் தம் ஒன்பது வயது மகனோடு வந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து மூன்று பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்தார். மூன்றிலும் விடால் பாசிட்டிவ். "ரெண்டு வருஷத்துல மூணு தடவை டைபாய்டு வந்துருச்சும்மா. இவன் உடம்புலயே தங்கிப்போச்சா?" என்று கேட்டார். அந்த மூன்று முறையும் தலா ஒரே ஒரு தடவைதான் ரத்தம் எடுத்திருந்தார்கள்; ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையை ஒரு முறைகூடச் செய்யவில்லை.

கிருமி நம் உடலுக்குள் நுழைந்தால் அதற்கென்றே எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, உருவாகிறது. இந்த எதிர்ப்பொருள் தனக்குரிய கிருமிகளை ஒன்றோடொன்று பிணைத்துத் திரளச் செய்யும் என்பதை வியன்னாவில் குரூபரும் டர்ஹாமும் 1896ஆம் ஆண்டு விளக்கினார்கள். எந்தக் கிருமிக்கான எதிர்ப்பொருள் இருக்கிறது என்று தெரிந்த சீரத்தை, அதாவது ரத்தத் தெளிநீரைக் கொண்டு தெரியாத கிருமியை அடையாளம் காண்பது அவர்கள் வழி. அதே ஆண்டில் பாரிஸ் மருத்துவர் பெர்னான் விடால் அதைத் திருப்பிப் போட்டு, தெரிந்த டைபாய்டு கிருமியோடு நோயாளியின் சீரத்தைச் சேர்த்து நோயைக் கண்டறிந்தார். இன்றும் நாங்கள் செய்வது அடிப்படையில் அதையேதான்.

ரத்தம் உறைந்த பின் குழாயைச் சுழற்றினால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பது சீரம். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டின் வட்டத்துக்குள் விட்டு, சாயமேற்றிய ஆன்டிஜென், அதாவது சோதனைக்கென்று தயாரித்த டைபாய்டு கிருமித் திரவம், ஒரு துளி சேர்த்துக் குச்சியால் பரப்பி, ஒரு நிமிடம் தகட்டை மெல்ல அசைக்க வேண்டும். எதிர்ப்பொருள் இருந்தால், பால் திரிவதைப் போல, சீராக இருந்த நீலம் மணிமணியாகப் பிரிந்து நிற்கும். அளவை உறுதியாகச் சொல்ல, சீரத்தைக் குழாய்களில் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் குழாய் முறைதான் நல்லது. அதற்கு ஓர் இரவு காத்திருக்க வேண்டும் என்பதால் பல இடங்களில் தகட்டோடு நிறுத்திவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் 1:160 என்று இருந்தால், சீரத்தை 160 மடங்கு நீர்த்த பிறகும் கிருமிகள் திரண்டன என்று பொருள்.

ஆனால் அந்த எதிர்ப்பொருள் எப்போது உருவானது என்பதைத் தகடு சொல்லாது. டைபாய்டு பரவலாக உள்ள நம் ஊர்களில், நோயே இல்லாதவர்களின் சீரத்திலும் ஓரளவு எதிர்ப்பொருள் இருப்பது வழக்கம். கிருமி நீந்த உதவும் வால் போன்ற கசையிழைக்கு எதிரான 'ஹெச்' வகை, நோய் தீர்ந்து பல மாதங்கள், சில வேளை ஆண்டுகள்கூட நீடிக்கும். தடுப்பூசியாலும் அது உயரலாம். டைபாய்டு கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு சால்மொனெல்லா கிருமிகளாலும், மலேரியா போன்ற பிற காய்ச்சல்களிலும் சோதனை பாசிட்டிவாக வரலாம். மறுபுறம், நோய் தொடங்கி ஏறத்தாழ ஒரு வாரம் ஆன பிறகே எதிர்ப்பொருள் போதிய அளவில் தென்படும் என்பதால், உண்மையிலேயே டைபாய்டு இருக்கும் ஒருவருக்கு மூன்றாம் நாளில் நெகட்டிவ் வருவதிலும் வியப்பில்லை.

ஆகவே முறையாகப் பார்த்தால் இரண்டு சீரம் வேண்டும். முதலில் 1:80 இருந்தது, பத்துப் பதினான்கு நாள் கழித்து 1:320 ஆனது என்றால், அந்த நான்கு மடங்கு உயர்வுக்குப் பொருள் உண்டு. இரண்டாவது முறை ரத்தம் கொடுக்க வருபவர்கள் மிகக் குறைவு. காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளையை மறுபடி ஊசி குத்த யாருக்குத்தான் மனம் வரும்? அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஆன்டிபயாடிக்கைத் தொடங்கிவிடுவதுதான் எனக்குப் பெரும் வருத்தம். டெங்குவோ உண்ணிக்காய்ச்சலோ டைபாய்டு என்ற பெயருக்குள் மறைந்துபோனால், இழந்த நாட்களை மீட்க முடியாது.

ரத்தக் கல்ச்சருக்கும் குறை உண்டு. டைபாய்டு உள்ளவர்களில் கணிசமானோருக்கு அதிலும் கிருமி வளராமல் போகிறது. ஆயினும் முதல் வாரத்தில், மருந்து தொடங்கும் முன், போதுமான ரத்தம் எடுத்தால் கிடைக்க நல்ல வாய்ப்புண்டு. வளர்ந்துவிட்டால் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்றும் தெரிந்துவிடும். சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டு கிருமிகளிடம் செல்லாமல் போய்விட்ட நிலையில் இது சிறிய உதவியன்று.

அந்தத் தாயிடம், மூன்று முறை வந்தது டைபாய்டுதான் என்று இந்தக் காகிதங்களை வைத்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றேன். பையனுக்குக் காய்ச்சல் தொடங்கி அன்று மூன்றாம் நாள். சீட்டில் விடால் மட்டுமே இருந்தது. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து விவரம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, கல்ச்சரும் டெங்குச் சோதனையும் சேர்க்கச் சொன்னார். முதல் மாத்திரை விழுங்கும் முன்பே கல்ச்சர் பாட்டிலில் அவன் ரத்தத்தை எடுத்துக்கொண்டேன்.