என்பது ஐதீகம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அழைப்பிதழை ஆண்டுதோறும் எழுதிக் கொடுப்பவள் நான். அதில் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: ‘காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பது ஐதீகம்.’ பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) காலத்தில் இந்த வரியால் யாருக்கும் தொந்தரவில்லை. வேலை, கடை, பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாமே எல்லைக்குள் இருந்தன. இப்போது பிள்ளைகள் ஷிப்டு வேலைக்கு ஈப்போ போகிறார்கள். காப்போடு போகலாமா என்று கேட்டால், “அது ஐதீகம், தம்பி” என்று கோயில் தலைவர் வாயை அடைத்துவிடுகிறார்.

அந்தச் சொல்லுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது என்பது என் கட்சி. வடமொழியில் ‘இதி ஹ’ என்றால் ஏறக்குறைய ‘இப்படியாம்’. அதிலிருந்து வந்ததுதான் ஐதிஹ்யம். இதிகாசமும் அதே வேர். முதலில் சொன்னவர் யாரென்று தெரியாமல் வழிவழியாக வரும் பேச்சு என்று நியாயம் என்னும் தர்க்க நூலார் இலக்கணம் சொல்கிறார்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைகளை, அதாவது ஒன்றை உண்மையென்று அறியும் வழிகளை, அடுக்கிச் சொல்லும் இடத்தில் ஐதிகமும் வருகிறது. அங்கே தரும் உதாரணம்: இந்த மரத்தில் ஒரு பேய் இருக்கிறது என்று உலகத்தார் சொல்ல, அதை உண்மை என்று கொள்வது. படித்தபோது சிரித்துவிட்டேன். எண்ணெய் தரும் செம்பனை நடுவதற்காக ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்தபோதும், எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் முனி இருக்கும் மரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. டிராக்டர் ஓட்டுகிறவர் இன்றும் அங்கே சுருட்டு வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அழைப்பிதழில் அச்சேறினால் ஐதீகம். அதையே பாட்டி லயத்து வாசலில் உட்கார்ந்து சொன்னால் மூடநம்பிக்கை. இரண்டுக்கும் சாட்சி என்னவோ ஒன்றுதான், ‘சொன்னார்கள்’. (பத்திரிகைக்காரர்களுக்கும் இது வசதி. ‘என்பது ஐதீகம்’ என்று முடித்துவிட்டால் நம்பியதாகவும் ஆகாது, மறுத்ததாகவும் ஆகாது.)

அம்மன் இங்கே வந்த கதைக்கு அந்தச் சொல் பொருந்தும். செய்முறைக்கு வழக்கம் என்றே சொல்லலாம். வழக்கத்தைக் கூட்டம் போட்டு மாற்ற முடியும். அதனால் இந்த முறை ‘தாண்டாதிருப்பது நம் வழக்கம்’ என்று எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் பெரிய வாக்குவாதம். கடைசியில் பூசாரிக்கும் கரகம் எடுப்பவருக்கும் முதல் நாளே காப்பு, மற்றவர்களுக்குத் தீமிதிக்கு முந்தின நாள் என்று முடிவானது. வரியை மட்டும் பழையபடி ‘ஐதீகம்’ என்றே போடச் சொல்லிவிட்டார் தலைவர். அதுதான் அழைப்பிதழுக்கு எடுப்பாக இருக்கிறதாம்.