ஒலிம்பியாட் விதிகளில் ஒரு பள்ளி அணிப் போட்டி

நீடாமங்கலம் வட்டாரப் பள்ளிகளுக்கு இடையே, நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட் விதிகளைத் தழுவி ஓர் அணிப் போட்டி நடத்துவது என்று ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து முடிவெடுத்தபோது, இடம் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்தோம். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாததால் காலியாகக் கிடந்த கல்யாண மண்டபம் ஒன்றை அதன் உரிமையாளர் வாடகையின்றியே கொடுத்துவிட்டார். இறைவன் சதுரங்கத்தில் வென்று அரசகுமாரியை மணந்ததாகத் தலபுராணம் கூறும் பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயில் அருகிலேயே இருப்பதாலோ என்னவோ, செஸ் என்றால் எங்கள் பக்கத்தில் உதவிக்கு ஆள் கிடைத்துவிடுகிறது.

உண்மையான பாடு ஆட்டக்காரர் பட்டியலில் தொடங்கியது. ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு ஐந்து பேர். ஒரு சுற்றில் ஆடுவது நால்வர்; முதல் பலகை தொடங்கி நான்காம் பலகை வரை ஆளுக்கொரு பலகையில், எதிரணியில் அதே எண் பலகைக்கு உரியவரோடு ஆடுவார்கள். ஐந்தாமவர் மாற்று ஆட்டக்காரர். தொடக்கத்தில் கொடுத்த வரிசையைக் கடைசிச் சுற்று வரை மாற்ற முடியாது. இரண்டாம் பலகைக்காரருக்கு ஓய்வு கொடுத்தால் மூன்றாமவரும் நான்காமவரும் ஒவ்வோர் இடம் மேலே ஏற, மாற்று ஆட்டக்காரர் நான்காம் பலகையில்தான் உட்கார வேண்டும். எதிரணியைப் பார்த்துச் சுற்றுக்குச் சுற்று ஆளை இடம் மாற்றும் தந்திரத்துக்கு இதில் வழியில்லை.

பெற்றோர்களோ முதல் பலகையை வகுப்பின் முதல் ரேங்க் போலவே பார்த்தார்கள். "எம் பையன் மூணாவது போர்டுலயா சார் உக்காரணும்?" என்று ஒரு தந்தை விண்ணப்பத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். 2022இல் மாமல்லபுரத்தில் ஆடிய இந்தியாவின் இரண்டாம் அணியில், அதே ஆண்டு பிப்ரவரியில் இணையவழிப் போட்டியில் அப்போதைய உலகச் சாம்பியன் கார்ல்சனை வென்றிருந்த பிரக்ஞானந்தா அமர்ந்தது மூன்றாம் பலகையில்தான் என்றும், முதல் பலகையில் அவரைவிட இளையவரான குகேஷ் ஆடினார் என்றும், அந்த அணி வெண்கலம் வென்றதோடு மூன்றாம் பலகைக்கான தனிநபர் வெண்கலமும் பிரக்ஞானந்தாவுக்குக் கிடைத்தது என்றும் விளக்கிய பிறகே விண்ணப்பம் மேசைக்குத் திரும்பியது.

கடிகாரங்களை மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் உள்ள பயிற்சியாளர்களிடம் இரவல் வாங்கினோம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம். சிலவற்றில் பொத்தான் தேய்ந்துபோயிருந்ததால், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இத்தனை நொடி கூடும்படி கடிகாரத்தை அமைப்பதற்குப் பேனா மூடியால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் பலகையில் வெள்ளை பெறும் அணிக்கு மூன்றாவதிலும் வெள்ளை, இரண்டிலும் நான்கிலும் கறுப்பு என்பது பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருக்கும் என்பதால் மேசைதோறும் சீட்டு ஒட்டினோம்.

கடைசிச் சுற்று முடிந்ததும், தங்கள் மாணவர்களே அதிக ஆட்டங்களை வென்றிருப்பதால் கோப்பை தங்களுக்கே என்று ஒரு பள்ளியின் ஆசிரியர் கணக்குத் தாளோடு வந்தார். அவர் கூட்டல் சரிதான். 2006இல் துரினில் நடந்த ஒலிம்பியாட் வரை தனித்தனி ஆட்டங்களின் புள்ளிகளைக் கூட்டித்தான் அணிகளை வரிசைப்படுத்தினார்கள். 2008இல் டிரெஸ்டனிலிருந்துதான், நான்கு பலகைகளையும் சேர்த்து ஒரே மோதலாகக் கொண்டு, வெற்றிக்கு 2, சமனுக்கு 1 என்று மோதல் புள்ளி கொடுக்கும் முறை முதன்மையானது. இரண்டரைக்கு ஒன்றரை என்று போராடி வென்றாலும், நாலுக்குப் பூஜ்யம் என்று நொறுக்கினாலும் கிடைப்பது அதே 2 புள்ளிதான். இப்போதுதான் செஸ் கற்கத் தொடங்கியிருக்கும் சிற்றூர்ப் பள்ளியைத் துவைத்தெடுத்துப் புள்ளி சேர்க்கும் வாய்ப்பை இது குறைப்பதால், எங்களைப் போன்ற போட்டிகளுக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. அவருக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆயினும் விதி முன்கூட்டியே சுற்றறிக்கையில் இருந்ததால் முடிவுத்தாளில் கையெழுத்திட்டார். அடுத்த போட்டிக்கான விண்ணப்பத்தில் புள்ளிக் கணக்கை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, பலகை வரிசைக்குக் கீழே பெற்றோர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறோம்.