பழனி மலைப் பாதைகளில் ஜீரோ டிராப் காலணி

ஓட்டத்துக்கென்று விற்கப்படும் பெரும்பாலான காலணிகளில் குதிகாலுக்கு அடியில் இருக்கும் சோல், முன்பாதத்துக்கு அடியில் இருப்பதைவிடத் தடிமனாக இருக்கும். இந்த உயர வேறுபாட்டுக்கு டிராப் என்று பெயர். வழக்கமான சாலை ஓட்டக் காலணிகளில் அது 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஜீரோ டிராப் காலணியில் குதிகாலும் முன்பாதமும் ஒரே உயரத்தில் நிற்கும். அதற்காக சோல் மெல்லியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழனி மலைத்தொடரில் கொடைக்கானலைச் சுற்றியுள்ள மலைப் பாதைகளில் நான் அணிந்து ஓடும் காலணியில் 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு மெத்தை உண்டு, முன்னும் பின்னும் அதே அளவில். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஒரு நிறுவனத்தின் பொருளைவிட, இந்த வகைக் காலணி நம் மலைக்கு எப்படிப் பொருந்துகிறது என்பதே எனக்கு முக்கியம்.

இந்த வகையைப் பரவலாக்கியதில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் தொடங்கிய ஆல்ட்ரா என்ற காலணி நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. குடும்பக் காலணிக் கடையில் வேலை பார்த்த கோல்டன் ஹார்ப்பர், கடையிலிருந்த ஷூக்களின் சோலைப் பிரித்து, குதிகால் பகுதியின் கூடுதல் உயரத்தை நீக்கி, சமமாக்கி ஒட்டிப் பார்த்ததிலிருந்து அது பிறந்தது. வெறுங்காலுடன் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ ஊன்றி இறங்குகிறார்கள் என்று ஆய்வாளர் டேனியல் லீபர்மன் குழுவினர் 2010-இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதியதும் அதே காலத்தில்தான். ஆனால் தட்டையான காலணியை மாட்டிய உடனே ஒருவருடைய ஓட்டம் அப்படி மாறிவிடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. விளம்பரங்கள் இந்த இடைவெளியைத் தாண்டிப் போய்விடுகின்றன. வாங்குபவர் தாண்டக் கூடாது.

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியுள்ள தார்ச்சாலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சமதளத்தில் எந்த நல்ல காலணியும் நன்றாகவே இருக்கும். வேறுபாடு தெரிவது சரிவில்தான்.

குதிகாலின் நடுப்பகுதியிலிருந்து பெருவிரலின் அடி மேடுவரை உள்ள தூரம் நடுத்தரமான ஒரு பாதத்தில் சுமார் 18 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு முனையை 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் பாதம் ஏறத்தாழ 3 டிகிரி முன்பக்கம் சாயும். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் பற்சக்கரம் இல்லாமல் ஏற முடியாத உதகை மலை ரயில் பாதையில்கூட மிகச் செங்குத்தான ஏற்றம் 12-க்கு 1 என்ற அளவில்தான், அதாவது 5 டிகிரிக்கும் குறைவாகத்தான் இருக்கிறது. குதிகால் உயர்ந்த காலணியுடன் மேட்டில் ஏறும்போது, அந்த 3 டிகிரியைக் காலணியே கழித்துக்கொடுத்துவிடுகிறது. கெண்டைக்கால் அந்த அளவுக்குக் குறைவாக நீண்டால் போதும். ஜீரோ டிராப்பில் அந்தச் சலுகை கிடையாது. பெரியகுளம் அருகே அடிவாரத்தில் உள்ள கும்பக்கரையிலிருந்து வெள்ளகெவி என்ற மலைக்கிராமத்துக்கு ஏறும் பாதையில், கற்கள் படிகளைப் போல அடுக்கி வரும் இடங்களில், சரிவு முழுவதையும் கெண்டைக்காலும், அதைக் குதிகாலோடு இணைக்கும் குதிநாணும்தான் தாங்க வேண்டும். பழகாதவருக்கு மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போதே அது தெரிந்துவிடும்.

இறக்கத்தில் இதே கணக்கு திரும்பிவிடுகிறது. குதிகால் உயர்ந்த காலணி, ஏற்கெனவே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் பாதத்தை இன்னும் 3 டிகிரி முன்னோக்கித் தள்ளுகிறது; விரல்கள் காலணியின் மூக்கில் மோதுவதும், நீண்ட இறக்கத்துக்குப் பிறகு பெருவிரல் நகம் கறுப்பதும் இதனால் கூடுகின்றன. வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் என்ற பாறை முனை வழியாக வெள்ளகெவிக்கும், அங்கிருந்து கும்பக்கரைக்கும் இறங்கினால், 2,000 மீட்டரைத் தொடும் குளிர்ந்த உயரத்திலிருந்து பெரியகுளத்தின் வெயிலுக்கு வந்துசேர்கிறோம். இவ்வளவு நீண்ட இறக்கத்தில் தட்டையான காலணி தரும் நிதானத்தை நான் மிக உயர்வாகவே மதிக்கிறேன். பாதம் முழுவதும் கல்லின் மேல் படிகிறது, எடை பின்னால் நிற்கிறது, முழங்காலை மடக்கி வேகத்தைக் குறைப்பது எளிதாகிறது. இந்த ஒன்றுக்காகவே நம் மலைக்கு இது ஏற்ற காலணி என்பேன்.

ஆனால் பாதம் முன்னே வழுக்காமல் இருப்பதற்கு டிராப் மட்டும் போதாது. இந்த வகைக் காலணிகள் பலவற்றில் முன்பகுதி விரல்கள் விரிந்து நிற்கும்படி அகலமாக இருக்கும். செருப்போடு வளர்ந்த நம்முடைய அகன்ற பாதங்களுக்கு அது பெரிய நிம்மதி. அதே அகலம் நடுப்பாதத்திலும் தொடர்ந்தால் கால் உள்ளே அலையும். பக்கவாட்டில் சரிந்த பாதையில் சோல் ஒரு பக்கமும் பாதம் ஒரு பக்கமும் போகும். வாங்கும்போது லேஸை இறுக்கிக் கட்டி, ஒரு படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தைக் கீழ்நோக்கி வைத்து நின்று பாருங்கள். நடுப்பாதம் அசையாமல் இருக்க வேண்டும், விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் அந்த அளவு உங்களுக்கானது அல்ல.

டால்பின் நோஸ் பாதையில் மண் அரித்துப்போய் வேர்கள் முழங்கை தடிமனில் குறுக்கும் நெடுக்குமாக வெளியே கிடக்கின்றன. பனி படிந்த காலை வேளையில் பட்டை உரிந்த வேரின் மேல் கால் வைத்தால் எந்த சோலும் வழுக்கும். ஈரப் பாறையிலும் அப்படித்தான். சோலின் அடியில் உள்ள ஆழமான பற்கள் சேற்றிலும் பைன் காட்டின் உதிர்ந்த ஊசியிலை மெத்தையிலும் பயன்படுமே தவிர, ஈரமான பாறையில் உதவுவது ரப்பரின் மென்மையும் அது பாறையைத் தொடும் பரப்பும்தான். என்னுடைய காலணியில் ரப்பர் சற்றுக் கடினமானது. உலர்ந்த பாதையில் நீண்ட நாள் உழைக்கிறது, ஓடையைக் கடக்கும் இடங்களில் நம்பிக்கை தருவதில்லை. டிராப்புக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. ஆகவே பூஜ்யம் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ரப்பரைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மன்னவனூர்ப் புல்வெளியைப் போன்ற மெத்தென்ற தரையில் இந்தக் காலணி மிக இனிமையாக ஓடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். புல்லுக்கடியில் மறைந்திருக்கும் குழியில் கால் புரளும்போது, 35 மில்லிமீட்டருக்கு மேல் மெத்தை வைத்த காலணிகளைவிட இது தரைக்கு அருகில் இருப்பதால் கணுக்கால் அதிகம் திரும்புவதில்லை.

வெள்ளகெவியில் ஊருக்குள் செருப்பு அணிவதில்லை. வருபவர்களும் எல்லையிலேயே கழற்றிவிட வேண்டும். ஊரே கோயிலைப் போல மதிக்கப்படுகிறது. ஓடி இறங்கி, அங்கே காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலுடன் நடக்கும்போது நான் கவனித்தது இது: குதிகால் உயர்ந்த காலணியைக் கழற்றினால் உடல் பின்னால் சாய்வது போன்ற ஓர் உணர்வு சிறிது நேரம் இருக்கும், ஜீரோ டிராப்பிலிருந்து இறங்கும்போது நிற்கும் நிலை மாறுவதில்லை, கல்லின் சூடும் கூர்மையும் மட்டும் புதிதாக வருகின்றன. அந்த ஊர்க்காரர்களின் பாதங்கள் சிறு வயதிலிருந்தே அந்தக் கற்களில் உறுதிப்பட்டவை. ஹவாய் செருப்பும் ஏறத்தாழத் தட்டையானதுதான் என்பதால் நமக்கும் இந்தக் காலணியில் நடப்பது அந்நியமாக இராது. ஓடுவது வேறு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் குதிநாணின் மேல் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை விழுகிறது. தசை சில வாரங்களில் பழகிக்கொள்ளும், நாண் பழக மாதங்கள் ஆகும். எனவே முதலில் நடைக்கும், பிறகு ஏரிச் சாலையில் குறுகிய ஓட்டத்துக்கும், எல்லாம் சரியான பிறகு ஏற்றத்துக்கும் பயன்படுத்துங்கள். குதிநாணில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதற்கு மாறக் கூடாது.

மழைக்காலத்துக்கு நீர்புகாத உறை வைத்த காலணி வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். என் கருத்தில் வேண்டாம். ஐப்பசி மழையில் தண்ணீர் மேல்பக்கமாக, கணுக்கால் வழியாக நுழையும்; நுழைந்தால் வெளியேறாது. வலைத்துணி நனையும், சில நிமிட ஓட்டத்தில் வடிந்தும்விடும். அட்டை கடிக்காமல் இருக்க, கணுக்காலை மூடும் உறையான கெய்ட்டர் போதும்.

வனத்துறையின் அனுமதி தேவைப்படும் பாதைகளுக்கு முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காட்டெருமை நிற்கும் வளைவில் ஓடாதீர்கள்.

கடைசியாகத் தேய்மானம். கொடைக்கானலில் எந்தக் காட்டுப் பாதைக்குப் போவதற்கும் கொஞ்சம் தார்ச்சாலையில் ஓடியே ஆக வேண்டும். அதில் பற்கள் விரைவாக மழுங்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது மெத்தை. முன்பாதத்தை ஊன்றுபவருக்கு முன்னாலும் குதிகாலை ஊன்றுபவருக்குப் பின்னாலும் அது அமுங்கிப்போகும், அப்போது பெட்டியில் அச்சிட்ட பூஜ்யம் காலடியில் இருக்காது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலணியை மேசைமேல் வைத்து, உள்ளேயிருக்கும் இன்சோலை எடுத்துவிட்டு, குதிகாலிலும் முன்பாதத்திலும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கெட்டியாகிவிட்டது என்றால், மேல்துணி புதிதுபோல இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.