கார்டிங் மெஷின்ல விரல் போனதும், அதுக்கப்புறம் ஈஎஸ்ஐக்கு அலைஞ்சதும்

நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டருங்க, 14 வருஷ சர்வீஸ். ரெண்டு வருஷம் முன்னாடி நைட் ஷிப்ட்ல, கார்டிங்ல (பஞ்ச சீவி விடற மெஷின்) டாஃபர் பக்கம், அதாவது சீவுன பஞ்ச வெளிய எடுக்கற உருளை பக்கம், பஞ்சு சுத்திக்கிச்சுன்னு கூப்பிட்டாங்க, போனேன், ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணேன், கொஞ்ச நேரம் நின்னுட்டு கவரத் திறந்து பஞ்ச இழுக்க கைய விட்டேன். டாஃபர் நின்னுருச்சு, பஞ்ச சீவற பெரிய உருளையான சிலிண்டர் நிக்கல. அது அத்தன வெயிட்டு, கரண்ட் போனாலும் சுத்துன வேகத்துலயே பல நிமிஷம் ஓடும், பக்கத்து மெஷின் சத்தத்துல ஓடறது காதுக்கே தெரியாது. சிலிண்டர் நிக்கற வரைக்கும் கவர் திறக்காம பிடிச்சு வைக்கற டோர் ஸ்விட்ச்ச எப்பவோ வயர் போட்டு பைபாஸ் பண்ணியிருந்தாங்க. அது எனக்கும் தெரியும். தெரிஞ்சே கைய விட்டேன்ங்கறது இன்னும் மனச அறுக்குதுங்க.

வலது கை ஆள்காட்டி விரல், நகம் இருக்கற கணு போயிருச்சு. துண்டா வந்திருந்தா சுத்தமான ஈரத்துணில சுத்தி, கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவர ஐஸ்ல வச்சு எடுத்துட்டுப் போகணும், விரல நேரா ஐஸ்ல போடக்கூடாது. என்னுது ரம்பப் பல்லு மாதிரி கம்பில மாட்டி பஞ்சோட பஞ்சா பிஞ்சிருச்சு, ஒட்ட வைக்க முடியாதுன்னுட்டாங்க.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு மில்லுலருந்து ஒருத்தர் வந்தாரு, செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம், வீட்டுல அடிபட்டதா சொல்லிருன்னாரு. வலி மாத்திரை மயக்கத்துல நான் தலையாட்டியிருப்பேன், என் சம்சாரம்தான் "அதெல்லாம் முடியாதுங்க, மெஷின்ல பட்டதுன்னே எழுதுங்க"ன்னு நின்னுட்டா. ஆக்சிடென்ட் புக்குல தேதி, ஷிப்ட், மெஷின், சாட்சி எல்லாம் ஏத்த வச்சு போட்டோ எடுத்துக்கிட்டா. பின்னாடி எனக்குக் கிடைச்ச அத்தனையும் அந்த ஒரு பக்கத்தாலதான். கான்ட்ராக்ட்ல இருக்கற தம்பிங்களுக்கும் சொல்றேன், வேலைல பட்ட காயத்துக்கு இத்தன மாசம் பணம் கட்டியிருக்கணும்னு ஈஎஸ்ஐல (தொழிலாளர் அரசு காப்பீடு) கணக்கு இல்ல, சேந்த மொத நாள் பட்டாலும் உண்டு.

ஈஎஸ்ஐ டிஸ்பென்சரில, வேலைக்குப் போக முடியாதுன்னு டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வாங்கி ஈஎஸ்ஐ பிராஞ்ச் ஆபீஸ்ல குடுக்கணும், இடைல ஒரு நாள் விட்டாலும் அந்த நாளுக்குப் பணம் வராது. வேலைக்குப் போகாத நாளுக்கு சராசரி தினக்கூலில 90% வந்துச்சு.

காயம் ஆறுனதுக்கப்புறம்தான் பெரிய கஷ்டம். மொட்டை விரல் நுனில சட்டைத் துணி உரசுனாக்கூட ஷாக் அடிக்கற மாதிரி இருக்கும். தெரபி மேடம் மொதல்ல பஞ்சுல தேய்க்கச் சொன்னாங்க, அப்புறம் துண்டுல, அப்புறம் ஒரு டப்பால அரிசியக் கொட்டி அதுக்குள்ள விரல விட்டுத் துழாவச் சொன்னாங்க. மொத நாள் பஞ்சத் தொட்டதும் அழுதுட்டேங்க, பொறந்ததுலருந்து பஞ்சுலயே வளந்த கை.

ஃபைனல் சர்டிபிகேட் வாங்குனதுக்கப்புறம் மெடிக்கல் போர்டு, ஊனம் எத்தன சதவீதம்னு முடிவு பண்ற டாக்டருங்க. எக்ஸ்ரே பாத்தாங்க, கைய மூடச் சொன்னாங்க, பேனா பிடிக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான். ஆள்காட்டி விரல்ல ஒரு கணு போனா சம்பாதிக்கற சக்தில இத்தன போச்சுன்னு சட்ட அட்டவணைல 9%, முழு விரலும் போனா 14%, கட்டை விரல் போனா 30%. என் தினக்கூலி 600, அதுல 90% 540, அதுல 9% 48 ரூபா 60 பைசா. ஒரு நாளைக்கு அவ்வளவு, ஆயுசு முழுக்க. திரும்ப அதே வேலைக்குப் போனாலும் நிக்காது, இத நிறைய பேரு தெரியாம விட்டுடறாங்க.

நான் அதே கார்டிங்குக்குத்தான் போறேன். டோர் ஸ்விட்ச் வயர எடுத்தாத்தான் மெஷின தொடுவேன்னு சொன்னேன், எடுத்துட்டாங்க. மெயின்ல என் பூட்டப் போட்டு சாவி என் பாக்கெட்ல. புதுசா வந்த அப்ரன்டிஸ் பையன் "எத்தன நிமிஷம்ணே நிக்கணும்"னு கேட்டான், நிமிஷம் எண்ணாதடா, சிலிண்டர் புல்லியப் பாருன்னு டார்ச் அடிச்சுக் காட்டுனேன், அது அப்பவும் மெதுவா சுத்திக்கிட்டுதான் இருந்துச்சு.