நோய் அடங்கிய பிறகும் அடங்காத அசதி

பெருங்குடல் அழற்சி நோய் எனக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ரத்தப்போக்கு நின்று ஓராண்டுக்கு மேலாகிறது. குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தை மலத்தில் பார்ப்பார்கள், அதன் அளவும் 100க்குக் கீழே இறங்கிவிட்டது. ஆயினும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் நான் தமிழ் கற்பிக்கும் பள்ளியில், மூன்றாம் பாடவேளை வருவதற்குள் கரும்பலகையின் மேல்வரிக்குக் கை ஏறுவதில்லை. பலகையின் கீழ்ப்பாதியிலேயே நான் எழுதிக்கொண்டிருப்பதைக் கவனித்த ஒரு மாணவி, "மேல நான் எழுதட்டுங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

களைப்பு என்பது உழைத்தால் வருவது, உறங்கினால் போவது. எனக்கு இருப்பது உறங்கி எழுந்தாலும் போகாத அசதி. இரண்டையும் எங்கள் ஊர் மலையாளப் பேச்சில் 'க்ஷீணம்' என்று சொல்லி முடித்துவிடலாம். நானும் அப்படியே சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு சத்து டானிக்கோடு வீடு திரும்பினேன். குடல் அழற்சி அடங்கியிருக்கும் காலத்திலும் பத்தில் நான்கு பேருக்காவது இந்த அசதி இருக்கிறது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

நோய் முற்றியிருந்தபோது என் ஹீமோகுளோபின் 10.4, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 60. ஃபெரிட்டின் சரியாக இருப்பதாகவே பரிசோதனைத் தாள் சொன்னது. ஆனால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே உயர்ந்து காட்டும் என்பதால், 100 வரை இருந்தாலும் உடலில் இரும்புச்சத்து குறைந்திருக்கக்கூடும். அதே அழற்சி, மாத்திரையிலுள்ள இரும்பைக் குடல் சரியாக உறிஞ்சவும் விடாது. ரத்தக்குழாய் வழியே இரும்பு ஏற்றிய பிறகுதான் மாடிப்படி ஏறும்போது வந்த மூச்சிரைப்பு நின்றது. (சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கிரோன் நோய் என்ற மற்றொரு வகைக் குடல் அழற்சி உள்ளவர்கள் பி12 அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அது உறிஞ்சப்படுவது அங்கேதான்.)

உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டதில் என் பங்கும் உண்டு. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோலோன் மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கிவிட்டு, மூன்று வாரம் ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். காலை உணவுக்குப் பின் எடுத்திருந்தால் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கும்.

மருந்து நின்ற பிறகும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பது நிற்கவில்லை. அப்போதுதான் கோயம்புத்தூரில் நான் பார்க்கும் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார்: "போக வேண்டியிருந்து விழிக்கிறீங்களா, விழிச்சதால போறீங்களா?" மலம் முட்டி எழுப்பினால் அழற்சி மீண்டும் தலைதூக்குகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்கோ, அடக்க முடியாமல் ஓடிய பழைய இரவுகளின் பயத்தில் உடல் தானாகவே விழித்துக்கொள்கிறது. விழித்தபின், எதற்கும் இருக்கட்டும் என்று போய் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தேன். அதற்கு மருந்து மாத்திரை எதுவும் எழுதாமல், பகல் தூக்கத்தை இருபது நிமிடத்தோடு நிறுத்தவும், இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழவும் சொன்னார்.

ஆடிக் காற்றில் பனையோலைகள் உரசும் இரவுகளில் இப்போதும் விழிக்கிறேன். ஆனால் எழுந்து போவதில்லை, பெரும்பாலும் மீண்டும் உறங்கிவிடுகிறேன். கரும்பலகையின் மேல்வரிகளை அந்த மாணவிதான் எழுதுகிறாள். ரகரமும் றகரமும் இடம் மாறும்போது மட்டும் நான் எழுந்து திருத்த வேண்டியிருக்கிறது.