லெஸ்லி ஸ்பிற்றில் ஒரு நீலச்சிறகியா?

ஒன்ராறியோ வாவிக்குள் ஐந்து கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் லெஸ்லி ஸ்பிற், தானாக உண்டான நிலமில்லை. 1950களின் கடைசியிலிருந்து ரொறன்ரோவில் இடித்த கட்டடங்களின் கொங்கிறீற்றையும் செங்கல்லையும் கொட்டிக் கொட்டி உருவாக்கியது. கரையில் இன்றும் அலை உருட்டித் தேய்த்த செங்கற்கள் கிடக்கும், துருப்பிடித்த கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். 300க்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. இந்த நாட்டில் எனக்கு முதலில் பழகிப்போன இடம் அதுதான். கழுத்தில் தொலைநோக்கி தொங்கினால் போதும், முன்பின் தெரியாதவர்களும் நின்று “என்ன கண்டீங்கள்?” என்று கேட்பார்கள். வந்த புதிதில் வேறு எங்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

ஒரு செப்டெம்பர் காலை. உள்பக்கக் குட்டையில் புளூ-விங்ட் டீல் என்ற வட அமெரிக்கத் தாராக்களின் கூட்டமொன்று, தெற்கே போகும் வழியில் தங்கியிருந்தது. அந்தப் பருவத்தில் ஆண், பெட்டை, இளசு எல்லாமே ஒரே மண்ணிறம். அதில் ஒரு தாராவின் முகத்தில் என் கண் நின்றுவிட்டது. கண்ணுக்கு மேலே வெளிறிய கோடு, கண்ணை ஊடறுத்துக் கரிய கோடு, கன்னத்தின் குறுக்கே மங்கலாக இன்னுமொன்று.

நீலச்சிறகியின் (ஆங்கிலத்தில் Garganey) முகம் அது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் கூடு கட்டி, மாரியில் தென்னிந்தியக் குளங்களுக்கும் இலங்கைக் களப்புகளுக்கும் பெருங்கூட்டமாக வரும் தாரா. அங்கே சாதாரணம், வட அமெரிக்காவில் அபூர்வம். இங்கே வளர்ந்தவர்களுக்குப் புளூ-விங்ட் டீல் தலைகீழ்ப் பாடம், எனக்கு நீலச்சிறகி.

ஆனால் முகத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. புளூ-விங்ட் டீல் சிலவற்றிலும் இந்தக் கோடுகள் அழுத்தமாக இருக்கும். சிறகைப் பார்க்க வேண்டும். நீலச்சிறகிப் பெட்டைக்கு முன்சிறகு மங்கிய சாம்பல், பின்னோரத்தில் வெள்ளைக் கரை தெளிவாக ஓடும். புளூ-விங்ட் டீலுக்கு முன்சிறகு நீலம், பின்னோர வெள்ளை கிடையாது. காலும் உதவும்: புளூ-விங்ட் டீலுக்கு மஞ்சள், நீலச்சிறகிக்குச் சாம்பல். காலோ தண்ணீருக்குள் இருந்தது.

திடீரென்று பைரியொன்று தாழப் பறந்து வர, கூட்டம் முழுதும் எழும்பியது. எதிர்வெயில். ஒரு சிறகின் பின்னோரத்தில் வெள்ளை மின்னியதைக் கண்டேன். அது அந்தத் தாராவின் சிறகா, தெறித்த நீரில் பட்ட வெளிச்சமா? என்னால் சொல்ல முடியவில்லை.

பக்கத்தில் முக்காலியில் பூட்டிய தொலைநோக்கியோடு நின்ற வயதான அம்மா ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, தலையாட்டவுமில்லை. “புத்தகத்தை இப்ப திறக்காதீங்கோ. கண்டதை முதல்ல எழுதுங்கோ, காணாததையும் எழுதுங்கோ” என்றார். அங்கேயே கல்லில் இருந்து எழுதினேன்: தூரம், வெளிச்சம், முகக்கோடுகள், கால் தெரியவில்லை, முன்சிறகின் நிறம் தெரியவில்லை.

ஒன்ராறியோவில் அபூர்வப் பறவைகளைப் பரிசீலிக்கவென்றே ஒரு பதிவுக் குழு இருக்கிறது. தாரா என்றால் அவர்களுக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: வளர்ப்பிடத்திலிருந்து தப்பி வந்ததோ? காலில் வளையம் இருக்கிறதா என்று அதனால்தான் பார்ப்பார்கள். என்னிடம் அவர்களுக்குக் கொடுக்கப் போதுமானது இல்லை. பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையத்தளத்தில் இனம் உறுதியில்லாத தாரா என்று மட்டும் போட்டு, குறிப்பை முழுதாகச் சேர்த்தேன். நீலச்சிறகி என்று பதிய எனக்கு எவ்வளவோ ஆசைதான். ஆனால் ஒரு பறவை எங்கே வருகிறது, எங்கே வருவதில்லை என்பதை இந்தப் பதிவுகளை வைத்துத்தான் பிறகு வருபவர்கள் படிக்கப் போகிறார்கள். என் ஆசைக்கு அதில் இடமில்லை.

அடுத்த நாட்களில் வேறு சிலர் அந்தக் குட்டைக்கு வந்து மணிக்கணக்கில் தேடினார்கள். யாருக்கும் அகப்படவில்லை. ஊருக்குப் புதியவன் ஒருவனின் அரைகுறைக் குறிப்பை நம்பி அவர்கள் அதிகாலையில் அவ்வளவு தூரம் நடந்து வந்தது என்னை நெகிழ வைத்தது. ஒருவர் தன் தொலைநோக்கியில் புளூ-விங்ட் டீலின் சிறகை எனக்குப் பொறுமையாகக் காட்டித் தந்தார்.

இனிக் காலையில் போனால் குட்டையின் கிழக்குக் கரையில்தான் நிற்பேன். வெயில் முதுகில் விழும், எழும்பும் சிறகின் நிறமும் தெரியும். தாராக்கள் கரையேறி இறகு கோதும் நேரம்வரை பொறுத்திருந்தால் கால்களையும் பார்த்துவிடலாம்.