சீட்டு விழுந்தது திருச்சூரில், அலைந்தது வேலூரில்

2023 மே மாதம் குடும்பத்தோடு குருவாயூர் போய்விட்டுத் திரும்பும் வழி. திருச்சூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஆட்டோவுக்குக் கொடுக்க 500 ரூபாய்க்குச் சில்லறை வேண்டியிருந்தது. சீட்டு விற்ற அம்மாவிடம் 40 ரூபாய்க்கு ஒரு லாட்டரி வாங்கி நோட்டை மாற்றினேன். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் திருவனந்தபுரத்தில் குலுக்கல். திங்கள் காலை வேலூர் சத்துவாச்சாரி வீட்டில் டீயோடு உட்கார்ந்து போனில் எண்ணைப் பார்த்தால், ஒரு லட்சம்! தொடர் எழுத்தையும் சேர்த்து நாலு தடவை பார்த்தேன்.

முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரிக்குத் தடை. கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்ணை வைத்துத் திருட்டு லாட்டரி நடத்தியவர்கள் கைது என்று எங்கள் பக்கத்துச் செய்திகளில் அடிக்கடி வரும். சீட்டைக் கையில் வைத்திருப்பதே குற்றமோ என்று தோன்றியது.

அப்பாவுக்கு இந்தப் பயம் இல்லை. தடை வரும்வரை பழைய பஸ் நிலையம் பக்கம் மேஜை போட்டுச் சீட்டு விற்றவர் அவர். சிக்கிம், பூடான், நாகாலாந்து என்று கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும். "அந்தச் சீட்டெல்லாம் பேருக்குத்தான் அரசாங்கத்துது. மொத்தமா எடுத்து விக்கிறவன் தனியாரு" என்றார். 1998 லாட்டரிச் சட்டப்படி ஒரு மாநிலம் தானே விற்கலாம், வினியோகஸ்தரை நியமித்தும் விற்கலாம். பிற மாநிலச் சீட்டு தன் எல்லைக்குள் விற்கக் கூடாது என்று தடுக்கவும் அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. கேரளாவில் இடையில் மொத்த வினியோகஸ்தர் கிடையாது. அரசின் மாவட்ட லாட்டரி அலுவலகமே ஏஜெண்டுகளுக்குச் சீட்டு கொடுக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்து. இரண்டு பக்கமும் நகல். பான் அட்டை, அடையாள அட்டை, போட்டோ, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது. வெளிமாநிலத்துக்காரன் என்பதால் சான்றொப்பமும் நோட்டரி முத்திரையும் தேவை.

சான்றொப்பம்தான் கழுத்தை அறுத்தது. தெரிந்த அரசு அதிகாரி ஒருவர் போட்டோவைப் பார்த்து, எதற்கு என்று கேட்டு, லாட்டரி என்றதும் பேனாவை மூடிவிட்டார். "நாளைக்கு ஏதாவதுன்னா என் தலை உருளும் சார்." இன்னொருவர் வாரக்கணக்கில் அலையவிட்டார். கடைசியில் கோர்ட் வளாகத்தில் ஒரு நோட்டரி வக்கீல், குமாஸ்தா "இன்னா சார், லாட்டரியா!" என்று சிரித்ததைக் கண்டுகொள்ளாமல், "இங்க விக்கிறதுதான் தடை. நீங்க அங்க வாங்கினீங்க. அதுக்கு ஆதாரம் வெச்சுக்குங்க" என்று சான்றொப்பமிட்டு முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அந்த ஆதாரம்தான் கடைசியில் காப்பாற்றியது. காட்பாடியில் இரவு திருவனந்தபுரம் மெயில் ஏறி, மறுநாள் லாட்டரி இயக்குநரகத்தில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, "கேரளாவுக்கு எதுக்கு வந்தீங்க?" எழுதித் தரவும் சொன்னார். சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டதா என்பது அவர்களுடைய கவலை. குருவாயூர் பயணத்து ரயில் டிக்கெட் நகலை நீட்டினேன். அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த மனைவிக்குக் கோடி புண்ணியம்.

சி.எம்.சி.யில் படித்து லண்டனில் நர்ஸாக இருக்கும் சித்தி மகளிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். அங்கே தேசிய லாட்டரியை அரசு நடத்துவதில்லை, ஒரு கம்பெனிக்கு உரிமம் கொடுத்துவிடுகிறது. 1994 முதல் கேமலாட் என்ற கம்பெனி அடுத்தடுத்து மூன்று உரிமம் வாங்கியது. நாலாவது உரிமத்துக்கான போட்டியில் அது தோற்று, 2024 பிப்ரவரி 1 முதல் லாட்டரி ஆல்வின் என்ற கம்பெனி கைக்குப் போனது. பத்து வருஷத்துக்கு. முப்பது வருஷம் நடத்தியவனுக்கே புதுப்பிக்க முடியவில்லை என்றால், எனக்குச் சான்றொப்பம் லேசில் கிடைக்காததில் ஆச்சரியமில்லை என்று தேற்றிக்கொண்டேன்.

பணம் வர மூன்று மாதம் ஆனது. ஒரு லட்சத்தில் சீட்டு விற்ற ஏஜெண்டுக்குக் கமிஷன் 10 சதவீதம், 10,000. மிச்சம் 90,000த்தில் வருமான வரி 30 சதவீதம், 27,000. கைக்கு வந்தது 63,000. அதில் ரயில், லாட்ஜ், நோட்டரி செலவு தனி.

கணக்கை அப்பாவிடம் காட்டினேன். 63,000த்தை அவர் பார்க்கவே இல்லை. 10,000த்தில் விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அத்தனை வருஷம் வித்தேன். என் மேஜைல ஒருத்தனுக்கும் விழலடா."